ஏழாவது ஸ்ரேசனில் நிற்கும் ரயில்

கதவு திறந்துதான் இருக்கும். நாங்கள் உள்ளே நிற்பதும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் வாசற்படிக்கு வெளியே நின்று, நிலையில் இரண்டு தரம் தட்டி, "ஏற்கிறீர்களா?" என்று கேட்பார். "ஓம்" என்ற சொல் காதில் விழும் வரை ஒரு காலையும் உள்ளே வைக்க மாட்டார். ஒருநாள் என் மனைவி பூமணி மா குழைத்துக்கொண்டு நின்றாள். வாய்க்குள் வெங்காயமோ ஏதோ, தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அசையவில்லை. மெல்பேர்ணின் தை மாதக் கோடை வெயில் அவருடைய வழுக்கைத் தலையில் சுட்டது. கடைசியில் அவள் விழுங்கிவிட்டு, "ஓம், ஓம், வாங்கோ!" என்று கத்திய பிறகுதான் வந்தார். எங்களுக்கென்று பிடுங்கிய பிளம் பழங்கள் கையிலிருந்த கிண்ணத்தில் சூடேறிப் போயிருந்தன.

மெல்பேர்ணில் நாங்கள் இருந்த முதல் வீட்டின் சொந்தக்காரர் அவர். ஜெர்மன்காரர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஸ்பொட்ஸ்வூட்டில் ரயில் பாதையை ஒட்டி வீடு. முன்வீட்டில் அவர், வளவின் பின்பக்கத்து இரண்டு அறையிலும் ஒரு குசினியிலும் நாங்கள். பூமணியின் தம்பி சிவம் எங்களுக்கு முதலே அவுஸ்திரேலியாவுக்கு வந்து எஞ்சினியராக இருந்தான். அதற்கு முன் இரண்டு வருஷம் ஜெர்மனியில் பயிற்சி பெற்றவன். அவன் ஜெர்மன் பாஷையில் நாலு வார்த்தை பேசித்தான் இந்த அறைகளை எங்களுக்கு எடுத்துத் தந்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஊரில் கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு ரயில் கடவையில் கேற் காவலாளியாக இருந்தேன். இங்கே வந்து கம்பளி மூட்டைக் கிடங்கில் காலை வேலை. ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருடைய இங்கிலீஷ் உடைந்தது, என்னுடையது அதைவிட உடைந்தது. ஆகவே அவர் சொன்னவற்றை எனக்கு விளங்கிய தமிழில்தான் எழுதுகிறேன்.

அவர் ஜெர்மனியில் ஒரு சின்ன ரயில் பாதையில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். அவருடைய அப்பாவுக்கும் அதே பாதையில்தான் வேலை. ஒற்றைத் தண்டவாளம், ஒன்பது ஸ்ரேசன். ஒரு ஸ்ரேசனிலிருந்து ரயில் புறப்படுவதற்கு முன் அடுத்த ஸ்ரேசனுக்கு ரெலிபோன் எடுத்து, "இந்த ரயிலை ஏற்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். மறுபக்கம் "ஏற்கிறேன்" என்றால்தான் சிக்னலைத் தூக்கலாம். இல்லாவிட்டால் ரயில் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். இது எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வடபகுதிப் பாதையிலும் ஸ்ரேசனில் இருந்து மணி வந்தால்தான் நான் கேற்றைப் பூட்டுவேன், மணி வந்தால்தான் திறப்பேன்.

அந்த முறை அவருடைய எலும்புக்குள் போய்விட்டிருந்தது. பூனைக்குப் பால் வைக்கும்போதும் குனிந்து அதனிடம் கேட்பார். அது ஒரு தரம் கத்தும் வரை கிண்ணத்தைக் கீழே வைக்க மாட்டார். ஒருமுறை நகரத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய சிவப்பு ரயில் வந்து நின்றது. கார்ட் அவருடைய முகத்தைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும் என்று அவர் மேடையிலேயே நின்றார். கார்ட் பார்க்கவில்லை. இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் போனோம். பூமணிக்கு இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப மனுசி செத்ததும் இவர் 'ஓம்' எண்டு சொன்னாப் பிறகுதானோ?" என்றாள்.

"சும்மா இரும். கேக்கப் போகுது," என்றேன்.

அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

வந்து ஒரு மாதம் இருக்கும். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உடுப்புக் காயப்போடப் போன பூமணி, ஈர உடுப்போடு திரும்பி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்தாள் கராஜுக்கை ஆரோடையோ கதைக்குது."

"ரெலிபோனிலையாக்கும்."

"ரெலிபோன்தான். வயர் எங்கை போகுதெண்டு நான் பாத்தனான். சுவருக்கு வெளியிலை ஒரு சாண் நீட்டிக்கொண்டு நிக்குது. அவ்வளவுதான்."

நானும் போய்ப் பார்த்தேன். கராஜில் கார் இல்லை. சுவரில் ஒரு பழைய ரயில்வே ரெலிபோன் மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பிடி. அதைச் சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். நம்பர் சுழற்றும் தட்டோ, வெளியே கம்பங்களில் போகும் வயரோ ஒன்றும் அதற்கு இல்லை. நாலு மணி பத்து நிமிஷம். சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்து, பிடியைச் சுற்றி, ரிசீவரைக் காதில் வைத்து, தன் பாஷையில் ஒரே ஒரு வசனம் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். அறுந்த வயரில் எவ்வளவு நேரம் கேட்பது? நான் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து நிமிஷமும் அவருடைய முகம், மறுபக்கத்தில் யாரோ பதிலை யோசிக்கிறார்கள் என்பதுபோலவே இருந்தது. பிறகு மெல்லத் தொங்கவிட்டு, எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்.

ஒவ்வொரு நாளும் நாலு பத்துக்கு அது நடந்தது. பூமணி அந்த நேரத்தில் உடுப்புக் காயப்போடுவதை விட்டுவிட்டாள்.

இன்னொரு நாள். காற்றே இல்லாத பெரிய வெக்கை. எங்கள் வேலிக்கு அப்பால் ஆடுகள் ஏற்றிய ரயில் ஒன்று சிக்னல் விழாமல் நின்றுவிட்டது. இரண்டு தட்டுப் பெட்டிகள், சட்டங்களுக்கு நடுவில் மூக்குகள். ஆடுகள் முதலில் கத்தின. பிறகு கத்துவதும் குறைந்து, மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் வளவு முழுக்கக் கேட்டது. அவருடைய வீட்டு யன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்தேன். அவருக்கு ஏதும் சுகமில்லையோ என்று போய்த் தட்டினேன். பதில் இல்லை. குளியலறையில் பைப் முழு வேகத்தில் ஓடும் சத்தம். சின்ன யன்னலால் எட்டிப் பார்த்தேன். உடுப்போடு, தொப்பியோடு, குளிக்கும் தொட்டியின் விளிம்பில் இருந்தார். பைப்பைத் திறந்துவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக்கூட நனைக்கவில்லை. ஆட்டு ரயில் போய் வெகு நேரத்துக்குப் பிறகுதான் பைப்பைப் பூட்டினார்.

அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்த வருஷ நடுப்பகுதியில் அவருக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தச் சின்னப் பாதையை மூடப் போகிறார்களாம். மூடுவதற்கு முன் ஒன்பது ஸ்ரேசனின் சரித்திரத்தையும் ஒரு சிறு புத்தகமாகப் போட ஊரவர்கள் விரும்புகிறார்களாம். பழைய ஸ்ரேசன் மாஸ்ரர்களில் உயிரோடு இருப்பவர் இவர் ஒருவர்தான். எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல வேலை தொடங்கினார். கராஜில் நீளமாக ஒரு பலகைத் தட்டு அடித்து, அதில் ஒன்பது மட்டை உறைகளை நிறுத்தினார். ஸ்ரேசன்களுக்கு நடுவில் எவ்வளவு தூரமோ அதற்கேற்றபடி உறைகளுக்கு நடுவிலும் இடைவெளி விட்டார். ஒரு கிலோமீற்றருக்கு ஒரு விரற்கடை. தட்டின் ஓரமாக நடந்தால் அந்தப் பாதையில் பயணம் போவதுபோல இருக்கும்.

பிறகு எங்கேயோ பழைய சாமான் கடையில் அதே மாதிரி இன்னொரு ரெலிபோன் வாங்கி வந்தார். கதவு நிலையில் தட்டினார்.

"இதை உங்கள் அறையில் மாட்ட வேண்டும். ஏற்கிறீர்களா?"

"ஓம். எதற்கு?"

"நான் ஒரு ஸ்ரேசனை எழுதி முடித்ததும் உங்களுக்கு வாசிப்பேன். நீங்கள் ரயில்காரர். நீங்கள் ஏற்றால்தான் அடுத்த ஸ்ரேசனுக்குப் போவேன்."

கராஜிலிருந்து என் அறைக்கு ஒரு வயர் இழுத்தார்; வாசிக்கும்போது மட்டும் அதைக் கொளுவுவார், நாலு பத்துக்குப் பழையபடி அறுந்த வயர்தான். அன்றிலிருந்து கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு என் அறையில் மணி அடிக்கும். இருபது கஜ தூரத்தில் இருக்கும் மனிதருடன் நான் ரெலிபோனில் பேசினேன். முகம் தெரியாததால் எனக்கும் கொஞ்சம் பேச்சு வந்தது.

முதலாவது ஸ்ரேசனில் இரண்டு கடிகாரங்களாம், ஒன்று பெரிய பாதைக்கு, ஒன்று சின்னப் பாதைக்கு. இரண்டுக்கும் இரண்டு நிமிஷம் வித்தியாசம். ஊர்ச் சனம் சின்னக் கடிகாரத்தைத்தான் நம்பியது. இரண்டாவது, சீனி செய்யும் பீற்றூட்டுக்காகக் கட்டியது.

"மனுசரை விட பீற்றூட்டுத்தான் கூடவாம்," என்று பூமணிக்குச் சொன்னேன்.

"பீற்றூட்டிட்டையும் கேட்டுத்தான் ஏத்தினவையோ?" என்றாள் அவள்.

மூன்றாவது ஊரார், எஞ்சின் நெருப்புப் பொறி தங்கள் கூரைகளை எரித்துவிடும் என்று பயந்து ரயிலை ஊருக்குள் விடவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் நடந்து ஸ்ரேசனுக்குப் போக வேண்டியதாயிற்று. வெயில் தாங்காமல் வழி நெடுக பேரிக்காய் மரம் வைத்தார்கள். நாலாவதில் முதலாம் வகுப்புப் பயணிகளுக்கென்று வெல்வெட் கதிரை போட்ட அறை. ஒரு தரம்கூட யாரும் இருந்ததில்லை. ஐந்தாவதுக்குக் கட்டடமே இல்லை, பழைய ரயில்பெட்டி ஒன்றை இறக்கி வைத்திருந்தார்கள், மாஸ்ரரின் மனைவி அதில் கோழி வளர்த்தாள். ஆறாவதில், முதலாம் யுத்தத்துக்குப் போன மகனுக்காக ஒரு தாய் பதினொரு வருஷம் எல்லா ரயிலுக்கும் வந்து நின்றாளாம். கடைசியில் அவளுக்கு உட்கார ஒரு வாங்கு போட்டுக் கொடுத்தார்கள்.

ஒவ்வொன்றும் முடிய, "ஏற்கிறீர்களா?" என்பார். நான் "ஓம்" என்பேன். மறுபக்கத்தில் நீலப் பென்சிலால் கோடு கீறும் சத்தம் கேட்கும். அவரும் அந்த "ஓம்" என்ற சொல்லைப் பழகிக்கொண்டார். சில நேரம் தானாகவே அதைத் திருப்பிச் சொல்லுவார்.

ஏழாவது அவருடைய ஸ்ரேசன். அதற்காக நான் ஆவலோடு இருந்தேன். மணி அடித்தது. இரண்டு மேடை. பெரிய லிண்டன் மரம். அவர் வைத்த பூந்தோட்டத்துக்கு அந்தப் பாதையிலேயே முதற்பரிசு கிடைத்தது. மேடையின் ஓரத்தில் ஒரு கைப் பம்பி. அந்தப் பாதையில் அதைப்போல் இனித்த தண்ணீர் வேறெங்கும் இல்லை, எஞ்சின்காரர்கள் போத்தல் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போவார்கள்.

அவ்வளவுதான் வாசித்தார். நான் "ஓம்" சொல்லத் தயாராக நின்றேன். அவர் கேட்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தொங்கவிடும் சத்தம்.

அடுத்த கிழமை எட்டாவதை வாசித்தார். கல் உடைக்கும் மலை. அதற்கடுத்த கிழமை ஒன்பதாவது, காட்டுக்குள் சின்னப் பாதை முடிந்து மறுபடி பெரிய பாதையோடு சேரும் இடம். எஞ்சினைச் சுழலும் மேடையில் வைத்து ஆட்கள் தள்ளித்தான் திருப்புவார்கள். இரண்டையும் நான் ஏற்றேன். எட்டு உறைகளில் நீலக் கோடு, ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி ஊருக்குத் தபாலில் போயிருந்தது. ஏழாவது மட்டும் மெலிந்து, கோடு இல்லாமல் நின்றது. ஊரிலிருந்து இன்னொரு கடிதமும் வந்தது: எட்டும் கிடைத்தன, உங்கள் ஸ்ரேசன் எங்கே, அச்சுக்குப் போக வேண்டும் என்று.

அன்று பின்னேரம் ரெலிபோனில், "உங்கள் கேற்றுக்கும் ஒரு சரித்திரம் இருக்குமே, சொல்லுங்கள்," என்றார்.

கேற்றுக்கு என்ன சரித்திரம்? யோசித்ததில் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. ஒரு மத்தியானம் மணி வந்து கேற்றைப் பூட்டினேன். ரயில் வரவில்லை, வெளிச் சிக்னலில் நின்றுவிட்டது. ஒரு கார் வந்தது. உள்ளே பிள்ளை பெறப் போகும் ஒரு பெண், நோவில் துடிக்கிறாள். புருஷன் இறங்கி வந்து என் காலைப் பிடித்தான். என்னால் திறக்க முடியாது. திறப்பு என்னிடம் இருந்தாலும் மணி வராமல் திறந்தால் வேலை போகும், ரயில் வந்தால் உயிரே போகும். நாற்பது நிமிஷம். என் குடிலில் இருந்த தண்ணீரைச் செம்பில் எடுத்துக்கொண்டு போய் யன்னலால் கொடுத்தேன். துணியை நனைத்து அவளுடைய நெற்றியில் போடச் சொன்னேன். ரயில் போனது, திறந்தேன், கார் போனது.

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"தெரியாது."

"தண்ணீர் கொடுக்கலாம் என்று யார் சொன்னது?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "தண்ணீருக்கு யாரைக் கேட்பது?" என்றேன்.

அவர் தொங்கவிட்டுவிட்டார். மூன்று நாள் அவரைக் காணவில்லை. நாலு பத்துக்குக்கூட கராஜில் சத்தம் இல்லை. பூனை எங்கள் வாசலில் வந்து பாலுக்குக் கத்தியது.

நாலாம் நாள் சனிக்கிழமை. பூமணி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். தட்டினார், கேட்டார், ஓம் என்றோம். வந்து கதிரையில் இருந்து, மற்ற எட்டு ஸ்ரேசனையும் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"யுத்த நேரம். ஆவணி மாதம். பெரிய பாதையில் குண்டு விழுந்து ஒரு ரயிலை எங்கள் பாதையால் திருப்பி விட்டார்கள். ஆறாவது ஸ்ரேசன் கேட்டது, நான் ஏற்றேன். சாமான் பெட்டிகள். கதவுகளை வெளியில் பூட்டிக் கம்பி முறுக்கியிருந்தது. உள்ளே ஆட்கள். யூதக் குடும்பங்கள். எட்டாவது ஸ்ரேசனைக் கேட்டேன். அங்கே பட்டாள ரயில் நின்றது, ஏற்கவில்லை. பக்கப் பாதையில் விட்டேன். அந்தப் பின்னேரம், அந்த இரவு, அடுத்த நாள். அரை மணிக்கு ஒரு தரம் எட்டாவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பலகை இடுக்கால் விரல்கள் தெரிந்தன. தண்ணீர் என்று கேட்டார்கள். என் பாஷையிலேயே கேட்டார்கள்."

"காவலுக்கு நின்றவர்கள் விடவில்லையா?" என்றேன்.

"அவர்கள் லிண்டன் மரத்துக்குக் கீழே சீட்டு விளையாடினார்கள். நான் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். சிலநேரம் சரி என்றும் இருப்பார்கள். நான் அவர்களைக் கேட்கவே இல்லை. எட்டாவது ஸ்ரேசனைத்தான் கேட்டேன்."

பூமணி கத்தியை வைத்துவிட்டாள். "என்னவாம்?" என்றாள். நான் தமிழில் சொன்னேன். அவள் அவரையே பார்த்தாள்.

"அந்தப் பம்பி எவ்வளவு தூரமாம்? கேளுங்கோ."

கேட்டேன்.

"பதினெட்டுக் காலடி," என்றார். "அடுத்த நாள் நாலு பத்துக்கு எட்டாவது ஸ்ரேசன் ஏற்றது. அதற்குள் சில பெட்டிகளில் சத்தம் நின்றிருந்தது. சிக்னலைத் தூக்கினேன். அனுப்பினேன். கிழக்கே."

எழும்பி வாசல்வரை போய், "அனுப்பினேன். ஆனால் அது போகவில்லை," என்றார்.

திங்கட்கிழமை வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். என் அறையில் மணி அடித்தது. நாலு பத்து. அந்த நேரத்துக்கு என் மணி ஒருநாளும் அடித்ததில்லை. எடுத்தேன்.

"ரயில் நிற்கிறது," என்றது அவருடைய குரல். "ஏற்கிறீர்களா?"

எத்தனை பின்னேரம் யோசிக்காமல் "ஓம்" சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை. ஓம் என்றால் அந்த ரயில் புறப்படும். எங்கே போகும் என்று ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கும் தெரியும். இல்லை என்றால் அங்கேயே நிற்கும், வெயிலில், கம்பி முறுக்கிய கதவோடு. வயரில் இரைச்சல் கேட்டது. வெறும் வயர் இரைச்சல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு வேலிக்கு அப்பால் நின்ற ஆடுகளின் மூச்சுப்போல அது ஏறி ஏறி இறங்கியது.

"ஏற்கிறீர்களா?" என்றார் மறுபடியும்.

"கொஞ்சம் நில்லுங்கள், மாஸ்ரர்," என்று சொல்லி, தொங்கவிடாமல் மேசையில் வைத்தேன். தக்காளிக் கன்றுக்கு ஊற்றவென்று பூமணி வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

சுவரைப் பார்த்தபடி, காதில் ரிசீவரோடு நின்றார். வாளியை வைத்த சத்தத்தில் திரும்பினார். அந்தத் தண்ணீரைக் கனநேரம் பார்த்தார். பிறகு ரிசீவரைத் தொங்கவிட்டார். வாளியைத் தூக்கினார். வாசலிலிருந்து தட்டின் ஓரமாக, தன் பாஷையில் எண்ணிக்கொண்டு நடந்தார். இடம் போதாமல் இரண்டு தரம் திரும்பி நடந்தார். பதினெட்டு வந்ததும் ஏழாவது உறைக்கு நேர் கீழே வாளியை வைத்தார். தண்ணீர் தளும்பிச் சீமெந்தில் சிந்தியது.

அந்தக் கிழமையே எழுதி முடித்தார். முழுவதையும். ரெலிபோனில் எனக்கு வாசிக்கவில்லை, ஏற்கிறீர்களா என்று கேட்கவும் இல்லை. தானே நீலக்கோடு கீறி உறையில் வைத்தார். ஊருக்கு அனுப்பும் பிரதியை என்னிடம் தந்தார், நான்தான் தபாலில் சேர்த்தேன்.

நாலு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. சிவம் அன்று எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். அவர் புத்தகத்தைத் திறக்காமல் அவனிடம் நீட்டினார். சிவம் பக்கங்களைப் புரட்டி ஏழாவதுக்கு வந்தான்.

"லிண்டன் மரம், தோட்டத்துக்கு முதற்பரிசு, பம்பித் தண்ணி நல்ல இனிப்பு. அவ்வளவுதான் இருக்கு, அத்தான். கீழை இவரின்ரை பேர்."

"வேறை ஒண்டும் இல்லையோ? வடிவாப் பார்," என்றேன்.

"ஒரு கடிதம் வைச்சிருக்கினம். அழகான நினைவுகளுக்கு நன்றியாம். இடம் காணாததாலை கொஞ்சம் சுருக்கினவையாம்."

அவர் எங்களுடைய தமிழைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு எழும்பினார்.

"அவர்களும் ஏற்கவில்லை," என்றார். "நிற்கிறது."

அன்றோடு அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. இதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, தட்டாமல், கூப்பிடாமல், குசினிக்குள் வந்து நிற்பார். பூமணி திரும்பிப் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் அவர். எங்களைப் பார்க்க மாட்டார். எங்கள் வாளியை எடுத்து, எங்கள் பைப்பில் பிடித்து, வேலிவரை கொண்டுபோய், தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்பார். நாலு பத்து தாண்டியதும் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்.

"முந்தி வாசல்லை நிண்டு கேக்கேக்கை சிரிச்சனான்," என்றாள் பூமணி. "இப்ப கேட்டால் போதுமெண்டு இருக்கு."

இன்னொன்றும் சொன்னாள். இருட்டுவதற்கு முன் வாளியை எடுக்கப் போவது அவள்தான். சில நாள் அது நிறைய இருக்குமாம். சில நாள் ஒரு சொட்டும் இருக்காதாம், சுற்றி நிலம் காய்ந்திருக்குமாம். பூனை குடித்திருக்கும் என்றேன். ஒரு வாளியையுமோ என்று கேட்டாள்.

அடுத்த குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். கடைசியாக நான் போனபோது தாதி ஒருத்தி கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே பிடித்தாள். அவர் அதை என் பக்கம் தள்ளினார். நான் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல், யன்னல் விளிம்பில் வைத்தேன். அது சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் காலமானதும் வீட்டை அவருடைய மனைவி பக்கத்து உறவினர்கள் விற்றார்கள். ஒன்பது உறைகளையும் யாரும் கேட்கவில்லை. நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டோம். புறப்பட வேண்டிய நாள் காலையில் கராஜைப் பூட்டித் திறப்பை வீடு விற்பவனிடம் கொடுத்துவிட்டேன். பின்னேரம் சிவத்தின் வான் வரும் வரை பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டுக் காத்திருந்தோம். குசினிச் சாமானில் பாதி அந்த வாளிக்குள் இருந்தது. அகப்பை, சல்லடை, கரண்டிகள், மேலே துணி போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தாள் பூமணி. சுவர் ரெலிபோனை மட்டும் கழற்றவில்லை. அது எங்களுடையது இல்லை.

மணி அடித்தது.

நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கராஜ் கதவைத்தான் யன்னலால் பார்த்தேன். பூட்டுத் தொங்கியது. அந்தப் பக்கத்தில் ஒருவர் பிடியைச் சுற்றினால்தான் இந்தப் பக்கத்தில் மணி அடிக்கும். மறுபடியும் அடித்தது, நீளமாக. என் கை ரெலிபோனுக்குப் போகவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. எடுத்தால் என்ன கேட்பார் என்று தெரியும். என்ன சொல்வதென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

பின்னால் கயிறு அறும் சத்தம் கேட்டது. அகப்பையும் கரண்டிகளும் தரையில் கொட்டுண்டு உருண்டன. பூமணி வெறும் வாளியைப் பைப்புக்குக் கீழே பிடித்துத் திறந்துவிட்டிருந்தாள். வாளி நிறையும் வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள். "இந்தாங்கோ, வேலிக்குக் கொண்டு ஓடுங்கோ."